வாசகர் கேள்வி: மொட்டை மாடியில் ஒரு படகு

கேள்வி: பொழுதுபோக்காகத் தச்சு வேலை பழகி ஸ்டூல், புத்தக அலமாரி வரை செய்துவிட்டேன். அடுத்ததாக இரண்டு பேர் உட்காரும் படகு ஒன்றை மொட்டை மாடியில் செய்ய ஆசை. தேக்குப் பலகை வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தேக்கு வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை. பலகைப் படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டியது. ஊறினால்தான் அதன் மூட்டுகள் இறுகும். உங்கள் படகோ மாதத்தில் இரண்டு ஞாயிறு கண்மாயில் மிதந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் மாடியில் காயும். உங்கள் ஊர் வெயிலில் பலகை சுருங்கி, இணைப்பெல்லாம் வாய் பிளந்துவிடும். பிளைவுட் அப்படிச் சுருங்காது. 6 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ரகம்) வாங்குங்கள். படகு ஏழரை அடியைத் தாண்ட வேண்டாம். படகின் பக்கங்களுக்கான பிளைவுட் தாள் வளைந்து போவதால் படகைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். எட்டடித் தாளில் அதுவரைக்கும்தான் ஒட்டுப்போடாமல் வெட்டலாம்.

வெட்டிய துண்டுகளைத் தைப்பதுதான் வேலை. விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே, 10 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, செப்புக்கம்பி கோத்து முறுக்குங்கள். தரையில் தட்டையாகக் கிடந்த தாள்கள் மெல்ல எழும்பி அணியமும் (படகின் முன்முனை) வயிறுமாக ஆகும் அந்த மாலை நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. 1962-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவரும் வடிவமைத்த 'மிரர்' பாய்மரப் படகு இந்த முறையில் உருவானதுதான். வீட்டில் வைத்துத் தாங்களே செய்துகொள்ளட்டும் என்றே அதை வடிவமைத்தார்கள். 70,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கின்றன. நமக்கும் தையல் புதிதல்ல. துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக் கரையில் கப்பல் பயணிகளை அலை தாண்டி ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகள் கயிற்றால் தைத்தவை. ஆணி அடித்த படகு அந்த அலையடியில் உடைந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

கம்பி தற்காலிகப் பிடிதான். படகைத் தாங்கப் போவது உள்மூலையில் பூசும் எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகும் பசை. அதில் சலித்த மரத்தூளைக் கலந்து, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் கொண்டு வாருங்கள். மூலையில் இட்டு, பழைய சாப்பாட்டு ஸ்பூனின் முதுகால் ஒரே இழுப்பாக இழுங்கள். குழிந்து, வழவழவென்று ஓடும். அதன்மேல் மூன்று அங்குல ஃபைபர் கண்ணாடி நாடா. இறுகிய பிறகு படகைக் கவிழ்த்து, வெளியே நீட்டும் கம்பியை ஒட்ட நறுக்கி, வெளிப்பக்கமும் அப்படியே செய்யுங்கள்.

எபாக்சியை ஒருபோதும் நடுப்பகலில் கலக்காதீர்கள். நான் ஒரு மே மாதம், பகல் பன்னிரண்டு மணிக்கு, கால் கிலோவை ஒரே டம்ளரில் கலந்தேன். பத்து நிமிஷத்தில் டம்ளர் கை சுட்டது, புகைந்தது, கல்லாகிவிட்டது. இப்போது விடியற்காலையில், அகலத் தட்டில், 100 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. கையுறை இல்லாமல் தொட வேண்டாம். தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க். கடைசியில் பெயின்ட் கட்டாயம், எபாக்சிக்கு வெயில் ஆகாது.

தொடங்குமுன் மாடிப்படித் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். படகு இறங்காது என்றால் இடத்தைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அலமாரி செய்து மிஞ்சிய பிளைவுட்டில் படகு செய்யலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தாளின் மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய எண்) 710 என்றிருந்தால் மரைன் ரகம், தாராளமாகச் செய்யலாம். 303 என்றிருந்தால் அது பொது உபயோகத்துக்கானது, படகுக்கு எடுக்காதீர்கள். முத்திரை அழிந்திருந்தால் உள்ளங்கையளவு துண்டை வெட்டி, பழைய பாத்திரத்தில் நாள் முழுக்கக் கொதிக்க விடுங்கள். மரைன் பிளைவுட்டுக்கான தரச் சோதனையிலேயே 72 மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். நான் அப்படிப் போட்ட ஒரு துண்டு மாலைக்குள் நனைந்த நோட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. அந்தத் தாளில் மீன்தொட்டிக்கு ஸ்டாண்டுகூடச் செய்யவில்லை.