விசைப்படகு கியர்பாக்ஸ் வேகப்படகுக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கில் தொழில் செய்த காலத்தில் வாங்கி, கப்பலில் ஊருக்கு அனுப்பிய 19 அடி மரப் படகு ஒன்று பின்கட்டில் கிடந்தது. அறுபதுகளில் செய்த வி-டிரைவ் (எஞ்சின் விசை முன்னால் போய், ஒரு பெட்டியில் திரும்பிப் பின்னால் வரும்) வேகப்படகு. அதிலிருந்த 210 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 4,000 சுற்று எஞ்சின் போய்விட்டதால், 5.7 லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சின் போட்டிருக்கிறேன். இது 4,800 சுற்றில் 300 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் பழைய போர்க்வார்னர் வெல்வெட் டிரைவ் 71சி-தான். தொண்டியில் இறக்கி ஓட்டியபோது எஞ்சின் சுற்று ஏறுகிறதே தவிர படகு வேகம் எடுக்கவில்லை. மீன்பிடி விசைப்படகு கியர்பாக்ஸைப் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் அங்குள்ள மெக்கானிக். சென்னைக் கடைக்காரரோ, ரீகண்டிஷன் செய்த வெல்வெட் டிரைவ் 72சி போதும் என்கிறார். எதை வாங்கலாம்? வீட்டை ஹெரிடேஜ் ஓட்டலாக்கியபின் விருந்தினர்களையும் படகில் ஏற்றும் எண்ணம் உண்டு.
– வாசகர், தேவகோட்டை

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வெல்வெட் டிரைவில் லீவர் தன் குழியில் முழுதாக உட்கார்ந்தால்தான் கிளட்சுக்கு முழு எண்ணெய் அழுத்தம் போகும். கேபிள் கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் பிளேட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் முழுவதும் தள்ளிப் பாருங்கள். எண்ணெய் அளவையும் அழுத்தத்தையும் பாருங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரைச் சோதிக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் பிளேட் போய்விட்டது. இத்தனையும் சரியாக இருந்து இன்னும் வழுக்கினால் கியர்பாக்ஸ் பேச்சுக்கு வரலாம்.

கியர்பாக்ஸின் பலத்தைக் குதிரைத்திறனை மட்டும் வைத்து எடை போடக் கூடாது. அது தாங்குவது டார்க் என்கிற முறுக்குவிசையை. கணக்கு எளிது: குதிரைத்திறனை 7,121-ஆல் பெருக்கி, சுற்றால் வகுத்தால் நியூட்டன் மீட்டர் கிடைக்கும். உங்கள் பழைய எஞ்சினுக்கு இது ஏறக்குறைய 374, புதியதற்கு 445. இதுகூட உச்ச வேகத்தில் வரும் கணக்குதான். பெட்ரோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை பெரும்பாலும் அதைவிடக் குறைந்த சுற்றில் வரும், இந்த எண்ணைவிட அதிகமாகவும் இருக்கும். படகு மூக்கைத் தூக்கி, தண்ணீரின் மேல் ஏறி ஓட முயலும் நேரத்தில் கியர்பாக்ஸ் படும் பாடு அதுதான். ஆகவே எஞ்சின் கம்பெனியின் டார்க் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள உச்ச எண்ணுக்கு மேலும் கொஞ்சம் இடம்விட்டுத் தேர்ந்தெடுங்கள்.

தொண்டி மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. விசைப்படகு கியர்பாக்ஸ் பலமானதுதான். ஆனால் அது வலை இழுக்கும் டீசல் எஞ்சினுக்காகச் செய்தது. எஞ்சின் மூன்று சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று என்கிற மாதிரியான விகிதம். அதற்குத் தகுந்த பெரிய புரொப்பெல்லரை உங்கள் படகின் அடியில் மாட்ட இடமில்லை. சின்னதை மாட்டினால் படகு நகரும், பறக்காது. 4,800 சுற்றுக்கு அதன் பேரிங்குகளும் சீல்களும் செய்யப்பட்டவை அல்ல. எடை வேறு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் தேர்வு 72சி. 71சி சிறிய வி-8 எஞ்சின்களோடு காலம் தள்ளிய பெட்டி, 72சி பெரியவற்றுக்கானது. வித்தியாசம் உள்ளே இருக்கிற கிளட்சில். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அங்கேதான் ஏமாற்று நடக்கிறது. தகட்டிலுள்ள மாடல் எண்ணையும் விகிதத்தையும் நீங்களே படியுங்கள். தகடு இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கியர்பாக்ஸும் வி-டிரைவும் ஒரே பெட்டியாக வரும் புது மாடல்களும் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான், ஆனால் எஞ்சினை நகர்த்தி, படகின் அடிக்கட்டையை அறுக்க வேண்டி வரலாம். உங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நிற்கும் பர்மா தேக்குத் தூணைக் குடைந்து ஏசி குழாய் விட மனம் வருமா? ஐயா வாங்கிய படகின் கட்டையும் அப்படித்தான்.

அடுத்தது பலரும் மறக்கிற சங்கதி. உங்கள் படகில் எஞ்சின் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. விசை கியர்பாக்ஸ் வழியே முன்னால் போய், வி-டிரைவ் பெட்டியில் திரும்பி, எஞ்சினுக்கு அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியே பின்னால் வருகிறது. கியர்பாக்ஸை மட்டும் பலப்படுத்தினால் உடைவது அடுத்த கண்ணியாக இருக்கும். வி-டிரைவ் பெட்டியின் உள்தண்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, வெளித்தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 1.5-க்கு 1 விகிதமாக இருந்தால் ஷாஃப்டில் விழும் விசை 445 அல்ல, 668 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் பழைய ஓரங்குல வெண்கலமாக இருந்தால் அதை நான் நம்ப மாட்டேன். 1¼ அங்குலத்துக்கு மாற்றினால், அதே உலோகத்திலேயே, முறுக்கைத் தாங்கும் பலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

விருந்தினர்களை ஏற்றினால் கணக்கே மாறுகிறது. கியர்பாக்ஸ் கம்பெனிகள் சொந்த உல்லாச ஓட்டத்துக்கு ஓர் அளவும், தொழில் ஓட்டத்துக்கு அதைவிடக் குறைந்த ஓர் அளவும் தருகின்றன. உல்லாச அளவைப் பார்த்து வாங்கிவிட்டுத் தொழிலுக்கு ஓட்டினால் பெட்டியும் தாங்காது, வாரண்டியும் நிற்காது. எந்த ஓட்டத்துக்கு என்பதைச் சொல்லியே விலை கேளுங்கள்.

சென்னைக்காரரிடம் வாங்கும்போது புது எண்ணெயைக் காட்டினால் மயங்காதீர்கள். ஒருமுறை ஒரு துறைமுக ஊரில், எண்ணெய்க் கம்பி பளபளவென்றிருந்த பெட்டியை மூடி கழற்றச் சொன்னேன். உள்ளே தண்ணீர் நின்ற உயரத்துக்குத் துருக்கோடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் வாங்கிப் பழகியவர்களுக்குப் புதுப் பாலிஷின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மாடல், விகிதம், மாற்றிய பாகங்கள், எஞ்சின் சுழலும் திசைக்குப் பம்பு பொருத்தியிருக்கிறதா, வாரண்டி எத்தனை மாதம் என எல்லாவற்றையும் நகரத்தார் கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதுகிற கறாரோடு பில்லில் எழுதி வாங்குங்கள். பம்பைத் திசைமாற்றி வைத்தால் அழுத்தமே வராது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் டாம்பர் பிளேட்டைப் புதிதாகப் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பொருத்தியபின் படகைத் தண்ணீரில் ஓரிரு நாள் மிதக்கவிட்டு, அதன்பிறகு ஷாஃப்டை நேர்பாருங்கள். மரம் தண்ணீரில் ஊறினால் வடிவம் சற்று மாறும். ஷாஃப்டை இணைக்கும் நான்கு அங்குல ஃப்ளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) இடைவெளி வித்தியாசம் 0.004 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

தொண்டியிலிருந்து வடக்கே போவதாக இருந்தால் இன்னொரு வேண்டுகோள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மூச்சுவிட மேலே வரும். கடல் புல் தெரிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அந்தப் புல்லே குளிர்நீர்க் குழாயை அடைத்து உங்கள் கியர்பாக்ஸையும் சூடாக்கும்.

கேள்வி: வெளிமாநில விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கிய ரீகண்டிஷன் கியர்பாக்ஸ் இரண்டே வாரத்தில் போய்விட்டது. புகார் செய்ய அவர் ஊருக்குப் போக வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்குச் சிவகங்கை மாவட்ட ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பிரித்துவிட்டால் உங்கள் மெக்கானிக்கின் மேல் பழி போடுவார்கள்.