முதலில் திதியைப் பாருங்கள், அப்புறம் லீவு கேளுங்கள்

கேள்வி: நாங்கள் சேலத்து நண்பர்கள் எட்டுப் பேர். மூன்று வருடமாக மேட்டூர்ப் பக்கமும் சுற்றுவட்டார ஏரிகளிலும் கயாக்கில் போய்த் தூண்டில் போடுகிறோம். ஜிலேபியும் கட்லாவும் சலித்துவிட்டன, கொடுவா பிடிக்க ஆசை. பரங்கிப்பேட்டை வெள்ளாற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்கி, முகத்துவாரம் வரை போய்விட்டு மதியம் திரும்பத் திட்டம். ஒருவர் உட்காரும் கயாக் ஆறும், இருவர் உட்காரும் காற்றடைத்த கயாக் ஒன்றும் இருக்கின்றன. எல்லாருக்கும் நீச்சல் தெரியும். வேறு என்ன கவனிக்க வேண்டும்? – அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: உங்கள் திட்டத்தில் இரண்டு விஷயங்களை மாற்றச் சொல்வேன். ஒன்று நாள், இன்னொன்று திசை. இவை இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியவைதான்.

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் நாளிதழில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 120 அடி என்றால் நிறைந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். அங்கே மட்டம் மாற நாள்கணக்கு ஆகும். வெள்ளாற்றின் கடைவாயிலோ மட்டம் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏறுவது பெரிய உயரமெல்லாம் இல்லை, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் அகலமான ஆறு முழுவதும் அந்த ஒரு மீட்டர் ஏறி இறங்க வேண்டுமென்றால், அத்தனை தண்ணீரும் குறுகிய முகத்துவாரம் வழியாகத்தான் வந்து போக வேண்டும். அந்த ஓட்டம்தான் உங்களைத் தள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தூண்டில், பெட்டி, நங்கூரம் எல்லாம் ஏற்றிய கயாக்கை ஒரு குழு மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலே நல்ல வேகம். வற்றத்தின் ஓட்டம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வையுங்கள். முகத்துவாரத்தை நோக்கி ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஜாலியாகப் போவீர்கள். திரும்பும்போது உங்கள் வேகம் ஒன்று. அதுவும் வெயில் ஏறிய பிறகு, கை ஓய்ந்த பிறகு. குழுவில் ஒருவர் மூன்று கிலோமீட்டர் வேகத்தில்தான் துடுப்புப் போடுவார் என்றால் அவர் நகரவே மாட்டார். துடுப்பை வைத்துத் தண்ணீர் குடித்தால் பின்னால் போய்க்கொண்டிருப்பார். பின்னால் என்பது கடல். முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கும், வெளியே ஓடும் வற்றமும் உள்ளே வரும் அலையும் அங்கேதான் மோதும். ஏரியில் பழகியவர்கள் முதல் தடவையே போக வேண்டிய இடம் அது இல்லை.

அதனால் திசையை மாற்றுங்கள். முகத்துவாரத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இறங்குங்கள். ஏற்றத்தோடு மேற்கே, ஊருக்குள் போங்கள். உச்சத்தில் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அப்போது திரும்புங்கள். வற்றத்தின் தொடக்கம் மெதுவாக உங்களை இறங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். நடுவில் யாராவது களைத்துப் போனாலும் ஏற்றம் அவரை ஊருக்குள்தான் தள்ளும். நான் திசை, திசை என்று சொல்வது இதற்காகத்தான்.

இப்போது நாள். ஏற்றம் ஒரே சீராக ஏறாது. பன்னிரண்டு குடம் தண்ணீர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் முதல் மணியில் ஒரு குடம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. இறங்கும்போதும் இதே கணக்கு. மாலுமிகள் காலங்காலமாக வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது, ஆற்றில் அச்சு அசலாகப் பொருந்தாது, ஆனால் நடுவில் உள்ள இரண்டு மணி நேரம்தான் வேகம் என்பதை மறக்காமல் இருக்க உதவும். நீங்கள் திரும்ப வேண்டியது அந்த ஒரு குட நேரத்தில்.

கடற்காற்றும் இருக்கிறது. கோடை நெருங்க நெருங்க, பதினொன்று பன்னிரண்டு மணிக்குக் கிழக்கிலிருந்து காற்று எழும்பும். நீங்கள் திரும்பி வருவதோ கிழக்கு நோக்கி. எதிர்க்காற்றும் வற்றமும் மோதினால் தண்ணீர் கொந்தளிக்கும். ஆகவே பதினொன்றரைக்குள் கரையில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணினால், ஏற்றத்தின் உச்சம் காலை பத்து மணி வாக்கில் வரும் நாள்தான் உங்கள் நாள். ஆறு மணிக்கு இறங்கலாம், நான்கு மணி நேரம் தண்ணீர் உங்கள் பக்கம்.

அந்த நாளைக் கண்டுபிடிக்க வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். ஏற்றம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், ஏனென்றால் அது நிலாவின் பின்னால் போவது. ஒரு ஊரில் அமாவாசையன்று எத்தனை மணிக்கு உச்சமோ, பௌர்ணமியன்றும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணையிலோ, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் (INCOIS) இணையதளத்திலோ அந்தக் கடற்கரைக்கு அமாவாசை நேரத்தை ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, அது காலை 8.30 என்றால் பிரதமையன்று 9.20, துவிதியையன்று 10.10. அட்டவணை சொல்வது கடலோர நேரம். ஆற்றுக்குள் போகப் போக உச்சம் அதைவிடத் தாமதமாகத்தான் வரும். போகும் நாளுக்கான நேரத்தை மட்டும் மறுபடி சரிபார்த்துவிடுங்கள், நாளுக்கு நாள் இந்த ஐம்பது நிமிடம் கொஞ்சம் கூடும், குறையும்.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க மாட்டேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் ஓட்டம் வேகம். அஷ்டமி வாக்கில் சோம்பலாக இருக்கும். புதியவர்களுக்கு அஷ்டமி நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன உதாரணப்படி அஷ்டமியன்று உச்சம் மதியம் மூன்று மணிக்கு நழுவிவிடும், வெயிலிலும் எதிர்க்காற்றிலும் மாட்டிக்கொள்வீர்கள். சோம்பலான ஓட்டத்தைவிட சரியான நேரம் முக்கியம் என்பது என் கட்சி. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்காது, பெரும்பாலும் செவ்வாயோ வியாழனோதான் வந்து நிற்கும். லீவு போட முடியாதவரை அடுத்த முறை கூட்டிப் போங்கள்.

மாதம் என்றால் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். வெள்ளாறு நமக்கு அந்நியமான ஆறு இல்லை. ஆத்தூரைத் தாண்டி ஓடும் வசிஷ்ட நதியும், கொல்லிமலையில் பிறந்து வரும் சுவேத நதியும் சேர்ந்ததுதான் அது. வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கத்து மலைகளில் கொட்டும் மழை சேத்தியாத்தோப்பு அணையைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தால் ஏற்றமே அமுங்கிப்போகும், நாள் முழுக்க வற்றம் போல ஓடும். ஆத்தூரில் நல்ல மழை என்று கேள்விப்பட்டால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

நீச்சல் பற்றி. நம் ஊரில் நீச்சல் தெரியும் என்றால் பெரும்பாலும் கிணற்று நீச்சல். மேட்டிலிருந்து குதித்துச் சுற்றிச் சுற்றி நீந்தி, படியைப் பிடித்து ஏறிவிடுவோம். ஓடுகிற தண்ணீரில் படி கிடையாது. அதனால் லைஃப் ஜாக்கெட் இறங்கும் முன்பே கட்டியிருக்க வேண்டும், கயாக்கின் பின்னால் சுருட்டிச் செருகியிருக்கக் கூடாது. கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி மறுபடி ஏறவும் ஒவ்வொருவரும் பழக வேண்டும். பக்கவாட்டில் நின்று அடிப்புறத்தின் மேலாக மறுவிளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிரும். அப்புறம் காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றைக் குறுக்கே போட்டு, புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். வயிறு, பின்புறம், கால், இதுதான் வரிசை. நீச்சல் குளத்தில் ஆளுக்குப் பத்துத் தடவை செய்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையில் மட்டும் பழகாதீர்கள், அதன் சரிவு வழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களாலும் ஏறி வர முடியாது.

நங்கூரம். இதை அடிபட்டுக் கற்றேன். முதல் தடவை வெள்ளாற்றில், மேட்டூர்ப் பழக்கத்தில், உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடியிலேயே கயிற்றைக் கட்டி நங்கூரத்தைப் போட்டேன். ஏரியில் எங்கே கட்டினாலும் ஒன்றுதான். இங்கே நங்கூரம் மண்ணைப் பிடித்ததும் கயிறு விறைத்து வீணைக் கம்பி போல அதிர்ந்தது. கயாக் குறுக்கே திரும்பியது. ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பு மெல்ல அழுந்தி, தண்ணீர் சத்தமே இல்லாமல் தாம்பாளத்தில் ஊற்றுவது போல் உள்ளே பரவியது. முடிச்சை அவிழ்க்கக் கை போனது, இறுகிப்போன முடிச்சு அசையவில்லை. அடுத்த நொடி நான் தண்ணீரில். வலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகுக்கார அண்ணன் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, நங்கூரத்த மூக்குல கட்டாம வயித்துல கட்டுனா படகு என்னதான் பண்ணும்?"

மூக்கிலோ வாலிலோ மட்டும் கட்டுங்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். ஆளுக்கொரு கத்தி ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். பாலத் தூணுக்கு ஓட்டம் வரும் பக்கத்தில் நங்கூரம் போட வேண்டாம், விட்டுப்போனால் ஓட்டம் தூணில் கொண்டுபோய் ஒட்டிவிடும். தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் பிளேடு மாதிரி, வெறுங்காலோடு இறங்காதீர்கள். அந்தக் காற்றடைத்த கயாக்கைச் சேலத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்வதும் இந்தச் சிப்பியால்தான். அதில் வரும் இருவருக்கும் வாடகைக்கு வேறு பாருங்கள்.

எட்டுப் பேர் சேர்ந்து போவது ஊர்வலம் மாதிரி நீண்டுவிடும். வழி தெரிந்தவர் முன்னால், நன்றாகத் துடுப்புப் போடுபவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் கிடையாது, முன் ஆளை யாரும் முந்தக் கூடாது. மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள். விசில் எல்லார் கழுத்திலும். ஒரு ஊதல் என்றால் இங்கே பார், மூன்று என்றால் ஆபத்து. துடுப்பைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால் நில், செங்குத்தாகப் பிடித்தால் வா. மீன் மாட்டிய குஷியில் ஒருவர் ஓட்டத்தோடு போய்விடுவதுதான் குழுக்களில் வழக்கமாக நடப்பது, அவருடைய ஜோடி தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கூடவே போக வேண்டும்.

சரி, கொடுவா. உண்மையைச் சொன்னால் அது நன்றாகக் கடிப்பது வற்றம் இறங்கும்போது, சின்ன ஓடைகள் ஆற்றில் சேரும் வாயில். உள்ளே ஒதுங்கியிருந்த இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீரோடு வெளியே வரும், அது வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். நான் சொல்லும் திட்டத்தில் அந்த நேரம் உங்களுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், முதல் தடவைக்கு அது போதும். கொடுவாவின் செவுள் மூடி தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முனையில் தடித்த நரம்பு சேருங்கள். மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள், துள்ளும் மீனும் உங்கள் தொடையும் ஒரே இடத்தில்தான் இருக்கப் போகின்றன. கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள், முள்ளில் விஷம் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் இறங்கினால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிவிடும். குத்துப்பட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் முக்கிவைத்தால் வலி தணியும், அப்புறம் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஒரு பிளாஸ்கில் வெந்நீர், இன்னொன்றில் டீ. மாற்றி ஊற்றிவிடாதீர்கள். பேத்தை மீன் விழுந்தால் திருப்பி விட்டுவிடுங்கள், சமைத்தாலும் அதன் விஷம் போகாது.

வலை மிதவைகளைக் கண்டால் சுற்றிப் போங்கள், மேலே ஏறிப் போகாதீர்கள். இறங்கும் முன் துறையில் இருக்கும் மீனவர்களிடம் இன்றைக்குத் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். மேலே நான் சொன்ன கணக்கெல்லாம் அவர்களின் ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கைத் திருப்ப வேண்டாம், அது வனத்துறையின் காப்புக்காடு. ஆற்றோரத்திலும் தில்லை மரம் இருக்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம்தான், ஆனால் கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் எரித்துவிடும். கயிறு கட்ட வேறு மரம் பாருங்கள். மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரக் காவலிலும் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் எல்லார் போனிலும் ஏற்றி, போனை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டுங்கள்.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். விடியலில் இறங்க வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே போய் சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டியவர் காலையில் துடுப்புப் பிடிக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, தொப்பி. தட்டுவடை செட்டைக் கரையில் வைத்துச் சாப்பிடுங்கள், கயாக்கில் கார்ச்சட்னி சிந்தினால் எறும்போடுதான் ஊர் திரும்புவீர்கள்.

கரையேறியதும் ரீல், கொக்கி, கயாக்கின் திருகாணிகள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு காத்திருக்காது. சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டி வைத்தால் இரண்டு நாளில் ரீல் கைப்பிடி சுற்றாது.