ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் வெளிநாட்டுச் சங்கங்களுக்கு ஒரு பொருளாளரின் பதில்

ரொறன்ரோவில் உங்கள் ஊர்ச் சங்கத்திடம் கொஞ்சக் காசு சேர்ந்திருக்கிறது, யாழ்ப்பாணத்தில் எதில் போட்டால் ஊருக்குப் பிரயோசனம் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஒன்றையும் கட்டாதீர்கள், இருப்பதை நடத்தக் காசு தாருங்கள். மாதாமாதம், சின்னத் தொகையாக, வருடக்கணக்கில். இதை உங்கள் கூட்டத்தில் சொன்னால் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கரண்ட் பில்லில் யாருடைய அம்மா அப்பா பெயரையும் பொறிக்க முடியாதே.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளில், தீவகத்தில், ஒரு சனசமூக நிலையத்துக்கு நான் பொருளாளர். சம்பளம் இல்லை, பேச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். நன்றி கெட்டவன் என்று யாரும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சண்டை முடிந்த பிறகு இந்த ஊரில் எழும்பியதில் பாதி வெளிநாட்டுக் காசுதான், 2022இல் கடையில் பால்மா இல்லை, கரண்ட் இல்லை, மீன்பிடிக்காரருக்கு மண்ணெண்ணெய் இல்லை என்று கிடந்தபோது கன வீடுகளில் அடுப்பு எரிந்ததும் அந்தக் காசில்தான். அதையெல்லாம் மறக்கவில்லை. நான் சொல்லப்போவது வேறு.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு குளிக்கவும் உதவாது. குடிதண்ணீருக்குச் சனம் படும் பாட்டைப் பார்த்து லண்டனில் இருக்கும் எங்கள் ஊரவர் சேர்ந்து உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஒரு ஆர்.ஓ. இயந்திரம் போட்டுத் தந்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறப்பு விழாவுக்குக் குடும்பமாக வந்தார்கள், பொன்னாடை, மேளம், வடை, எல்லாம் இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பைப்புக்கு மேலே கறுப்புப் பளிங்கில் காசு தந்தவர்கள் பெயர், அவர்களின் பெற்றோர் பெயர், எழுத்துக்குத் தங்கப் பூச்சு. இயந்திரத்தின் பில்டரை எப்போது மாற்ற வேண்டும், உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேன் என்ன விலை என்று ஒரு துண்டுக் கடதாசிகூட ஒட்டப்படவில்லை.

ஆர்.ஓ. என்பது சும்மா ஓடுகிற சாமான் இல்லை. பம்ப் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மெம்பிரேனுக்குள்ளால் நல்ல தண்ணீர் வரும், மிச்சம் உப்பு கூடின கழிவாக வெளியே போகும். முன்னால் இருக்கிற பில்டர் போடும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும், கழற்றும்போது தேத்தண்ணி வடித்த துணி மாதிரி மண்ணிறமாகிப் பிசுபிசுத்துக் கிடக்கும். அதை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அழுக்கு மெம்பிரேனில் போய் அடைக்கும், விலை அதில்தான். அப்புறம் வந்தது பொருளாதார நெருக்கடி. டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து 360 ரூபாய்க்குப் போனது, இறக்குமதிச் சாமான் எல்லாம் கையைச் சுட்டது. மின்கட்டணத்தை 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், அது போதாதென்று 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். அரை வருடத்துக்குள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிலையத்தின் சந்தாக் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லண்டன் வட்ஸ்அப் குழுவில் பில்லைப் படம் எடுத்துப் போட்டேன். "நாங்கள் இயந்திரம் வாங்கித் தந்துவிட்டோம், அதை நடத்துவது உங்கள் பொறுப்பு" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் பழைய கணக்கையெல்லாம் கேட்டார், அனுப்பினேன், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இயந்திரம் நின்றது. சனம் பழையபடி தண்ணீர் பவுசர் லொறி வரும் நாளைப் பார்த்துக் கான்களோடு ரோட்டில் நின்றது, பளிங்கு மட்டும் பளபளத்தது.

திரும்ப ஓட வைத்தது நோர்வேயில் தாதியாக வேலை செய்யும் எங்கள் ஊர் அக்கா ஒருவர். "தம்பி, எனக்குக் கல்லும் வேண்டாம் பொன்னாடையும் வேண்டாம், மாதம் முடிய மீற்றரைப் படம் எடுத்து அனுப்பு, அது போதும்" என்றார். தன்னோடு படித்த நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டார். இப்போது தண்ணீர் எடுப்பவர்கள் கானுக்குச் சின்னக் காசு போடுகிறார்கள், கரண்ட் பில் அதில் போகிறது. அக்காமார் அனுப்புவதில் இயந்திரத்தைப் பார்க்கும் பெடியனுக்கு ஒரு கொடுப்பனவு, மீதி பில்டருக்கும் மெம்பிரேனுக்கும் என்று வங்கியில், இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்குக் கரையில், தாளையடியில், 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள், நல்லது, ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுக் குழாயில் வரும்வரை எங்களுக்கு இதுதான் தண்ணீர்.

காசைத் தின்றுவிடுவார்கள் என்பீர்கள். தின்கிற ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மொத்தமாகத் தருவதைத் தின்பதுதான் சுகம். மாதக் காசு என்றால் மீற்றர் படம் வராத மாதமே நீங்கள் நிறுத்திவிடலாம், கட்டடத்துக்குக் கொடுத்ததை எப்படி நிறுத்துவீர்கள்?

மெக்சிகோவைப் பார் என்று சில படித்தவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் இருக்கும் மெக்சிகோ ஊர்ச் சங்கம் ஒரு டொலர் போட்டால் மத்திய அரசு, மாநிலம், நகராட்சி மூன்றும் ஆளுக்கொரு டொலர் போட்ட திட்டம் அது, சக்காதெக்காஸ் மாநிலத்துச் சங்கங்களிலிருந்து வளர்ந்து 2002இல் நாடு முழுக்க வந்தது. நல்ல யோசனைதான். இங்கே யார் உங்கள் டொலருக்கு எதிர் டொலர் போடுவது? வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல்வரை உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களின் கையில்தான் இருந்தன. அதனால் இப்போதைக்கு உங்கள் காசும் எங்கள் சில்லறையும்தான்.

தண்ணீர் வேண்டாம் என்றால் உங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியைக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரியுங்கள், கேட்டால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். பழைய கணினிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டவே வேண்டாம். காசை வங்கியால் அனுப்புங்கள். 2021இல் டொலருக்கு வங்கி தந்த விலையும், வங்கிக்கு வெளியே கைமாற்றாகக் காசு அனுப்பும் உண்டியல்காரர் தந்த விலையும் எட்டாத தூரத்தில் இருந்தபோது எல்லாரும் உண்டியலில்தான் போட்டார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் பொதுக் காசுக்கு வங்கிச் சிட்டை இல்லாவிட்டால் நாளைக்குக் கள்ளப்பட்டம் எனக்குத்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வெளிநாட்டுக்காரர் வளவு. ஒன்றில் பூட்டின வீடு, மற்றதில் ஆள் உயரத்துக்குப் பற்றை. விற்கவும் மாட்டார்கள், குடியிருக்க விடவும் மாட்டார்கள். மழைக்காலம் வந்தால் நுளம்பு, டெங்கு என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வருகிறார், பூட்டின கேற்றிடம் நோட்டீஸ் கொடுக்க ஏலாமல் என்னிடம் விசாரணை. சொந்தக்காரருக்கு எடுத்தால் "அண்ணை, ஆகஸ்டில் திருவிழாவுக்கு வரும்போது பார்க்கிறேன்" என்பார், வந்து நல்லூரில் நின்று படம் போட்டுவிட்டுப் போய்விடுவார். உங்கள் சங்கத்திலும் இப்படி ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் பற்றை வெட்டக் கூலியையாவது முதலில் வாங்கி அனுப்புங்கள், மதிலோரத்து முருங்கை என் வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.