பரிசு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: விரைவில் எங்களுக்குத் திருமணம். இருவருமே சில ஆண்டுகளாக வேலையில் இருப்பதால், வீட்டுக்கு வேண்டியவற்றையெல்லாம் வாங்கிவிட்டோம். எங்களுக்காக யாரும் செலவு செய்ய வேண்டாம் என்று நினைக்கிறோம். அழைப்பிதழில் 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்' என்று அச்சிடலாமா? அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும் என்று அம்மா தயங்குகிறார்.

பதில்: அம்மாவின் தயக்கம் நியாயமானதே. 'தவிர்க்கவும்' என்பது அறிவிப்புப் பலகையில் எழுதுகிற சொல். 'வருக வருக' என்று அழைக்கிற மடலில் அது உறுத்தத்தான் செய்யும். வேண்டாம் என்று சொல்வதே, அவர்கள் ஏதோ கொண்டுவருவார்கள் என்று நாம் எதிர்பார்த்திருந்ததைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கருதி, பரிசைப் பற்றி அழைப்பிதழில் வாயே திறக்கக் கூடாது என்பாரும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கையில் பணமில்லாத நேரத்தில் கடன் வாங்கியாவது பரிசோடு வர நினைப்பவருக்கு, உங்கள் விருப்பம் முன்கூட்டியே தெரிந்தால்தானே பயன்?

ஆகவே அச்சிடுங்கள், ஆனால் அழைப்பின் நடுவே அல்ல, எல்லாம் முடிந்த பிறகு, சிறிய எழுத்தில், கட்டளையாக இல்லாமல் வேண்டுகோளாக: 'தங்கள் வருகையும் வாழ்த்துமே எங்களுக்கு நிறைவு. பொருளாகவோ பணமாகவோ அன்பளிப்பு எதுவும் வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' இதில் முதல் வாக்கியத்தை மட்டும் போட்டால், உபசாரத்துக்குச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பலர் பரிசோடுதான் வருவார்கள். 'பரிசுப் பொருள்கள் வேண்டாம்' என்று மட்டும் எழுதினாலோ, பணமாகக் கேட்கிறார்கள் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். நல்லெண்ணத்தில் எழுதியது நேர்மாறாகப் போய்விடும். 'அதற்குப் பதிலாக இன்ன அறப்பணிக்குக் கொடுங்கள்' என்பதும், என் பார்வையில், வேறு வழியில் கேட்பதுதான்.

அச்சிட்டதைவிட வாய்ச்சொல்லுக்கு வலு அதிகம். 'உண்மையிலேயே வேண்டாமா?' என்று உறவினர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள், பெற்றோரிடம்தான் கேட்பார்கள்; எனவே இரு வீட்டாரும் ஒரே பதிலைச் சொல்லும்படி முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் கொண்டுவருவார்கள். அவர்களிடம் பலர் முன்னிலையில் மறுத்து வாதாடாதீர்கள். நன்றி சொல்லி வாங்கி, வெறுங்கையோடு வந்தவர்கள் கூச்சப்படாதபடி உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.