ஜே 24 வாங்கலாமா, கேட்டலினா 22 வாங்கலாமா?

கேள்வி: நான், மனைவி, 9 வயசுலயும் 6 வயசுலயும் ரெண்டு பசங்க. நண்பரோட பாய்மரப் படகுல ரெண்டு வருஷமா போய் ஓட்டக் கத்துக்கிட்டேன், இப்போ சொந்தமா பழைய படகு ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். 1979-ல செஞ்ச ஜே 24 ஒண்ணு, 1977-ல செஞ்ச கேட்டலினா 22 ஒண்ணு (கீலை, அதாவது படகு கவிழாம இருக்க அடியில தொங்குற கனமான துடுப்பை, மேல தூக்குற மாடல்), விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். வாரக்கடைசியில குடும்பத்தோட ஒரு ராத்திரி படகுலயே தங்கணும், வாரத்துல ஒரு சாயங்காலம் கிளப் ரேஸ் ஓட்டணும். ரேஸ்னா ஜே 24 தான்னு எல்லாரும் சொல்றாங்க. எதை எடுக்கறது?

பதில்: உங்க கடிதத்துல என் கண்ணு முதல்ல போய் நின்னது பசங்க வயசுலதான். ஜே 24-ஐ ரேஸ்ல ஒழுங்கா ஓட்ட அஞ்சு பேர் வேணும், ஸ்பின்னாகர்ங்கற பலூன் மாதிரி முன்பாயை ஏத்த இறக்க, காத்து ஏறுறப்போ ஓரமா உக்காந்து வெயிட் குடுக்கன்னு எல்லாருக்கும் வேலை இருக்கும், ஜே 24 ரேஸுக்குன்னே இருக்கற விதியில ஆளுங்களோட மொத்த எடைக்கு 400 கிலோன்னு வரம்பே வச்சிருக்காங்கன்னா பாத்துக்கங்க. உங்க வீட்ல பெரியவங்க ரெண்டே பேர். வாரா வாரம் இன்னும் மூணு பேரை தேடிப் புடிக்கணும், முதல் ரெண்டு மாசம் ஆசையா வருவாங்க, அப்புறம் ஒருத்தருக்கு வேலை, ஒருத்தருக்கு முதுகு வலி, படகு கட்டின இடத்துலயே நிக்கும். நல்ல படகு அப்படி சும்மா நிக்கிறதைப் பாத்தா எனக்கு மனசு தாங்காது.

ஜே 24-ஐ குறைச்சு சொல்றேன்னு நினைக்காதீங்க. ராட் ஜான்ஸ்டோன் தன் வீட்டு கராஜ்ல கட்டி 1976-ல தண்ணில இறக்கின ராக்டைம்ங்கற படகுலேந்து பொறந்தது அது, மறு வருஷமே உற்பத்திக்கு வந்து 5,000-க்கு மேல வித்துது. கேட்டலினா கம்பெனியை ஆரம்பிச்ச ஃபிராங்க் பட்லரோட கேட்டலினா 22 அதுக்கும் முன்னாடி 1969-லேயே வந்தது, அது 15,000-ஐ தாண்டிடுச்சு. ஒண்ணு ரேஸ் ஓட்டுறவர் ரேஸுக்குன்னே செஞ்சது, இன்னொண்ணு ட்ரெய்லர்ல இழுத்துட்டுப் போய் குடும்பத்தோட சுத்துறதுக்கு செஞ்சது.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பேப்பர்ல பாத்தா ரெண்டும் பெருசா வித்தியாசப்படாது. தண்ணி மட்டத்துல நீளம் ஜே 24-க்கு 20 அடி, கேட்டலினாவுக்கு 19 அடி 4 அங்குலம், அதனால கணக்குப்படி ரெண்டோட வேகமும் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) கிட்டத்தான் வரும். எடைக்கு எவ்வளவு பாய்னு கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா தண்ணில ஜே 24 முன்னாடி போயிடும், ஏன்னா அதோட 4 அடி ஆழ ஈயக் கீல் வழவழன்னு இருக்கும், காத்துக்கு எதிரா இன்னும் நெருக்கமா ஏறும், காத்து பின்னாடி வந்தா ஸ்பின்னாகரோட அலை மேல சறுக்கிட்டே போகும். கேட்டலினாவோட தூக்குற கீல் வார்ப்பிரும்பு, துரு புடிச்சு சொரசொரன்னு ஆயிட்டா வேகம் அங்கயே போயிடும்.

ஆனா கிளப் ரேஸ்ல முதல்ல வர்ற படகுதான் ஜெயிக்கணும்னு இல்லையே, ஹேண்டிகேப் இருக்குல்ல, அதாவது மெதுவான படகுக்கு மைலுக்கு இத்தனை விநாடின்னு நேரச் சலுகை குடுப்பாங்க. ஜே 24-க்கு மைலுக்கு சுமார் 170 விநாடி, கேட்டலினாவுக்கு சுமார் 270, இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அதாவது 5 மைல் ரேஸ்ல நீங்க எட்டு நிமிஷம் பின்னாடி வந்தாலும் சமம். மனைவியும் நீங்களும் ரெண்டு பாயை மட்டும் வச்சு நல்லா ஓட்டினா, ஆள் பத்தாம ஓடுற ஜே 24-ஐ கணக்குல தோற்கடிக்கலாம்.

ராத்திரி தங்கறதுக்கு கேட்டலினாதான், யோசிக்கவே வேணாம். கேபின் கூரையை மேல தூக்குற பாப்-டாப் அதுல இருந்தா பசங்க நின்னுட்டே டிரஸ் மாத்தலாம், ஜே 24-ல எல்லாரும் குனிஞ்சேதான் இருக்கணும். அப்புறம் கீலைத் தூக்கிட்டா கேட்டலினா 2 அடி தண்ணி போதும்னு நிக்கும், சரிவுல ட்ரெய்லரை விட்டு நீங்களே இறக்கிடலாம், ஜே 24-க்கு பெரும்பாலும் கிரேன் தேடணும்.

வாங்கறதுக்கு முன்னாடி பொறுமையா பாருங்க, வயசான படகு வெளிய பளபளன்னு இருக்கும். ஜே 24-ல ஃபைபர் ரெண்டு அடுக்குக்கு நடுவுல பால்சா மரம் இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால டெக்கை (படகோட மேல்தளத்தை) தட்டிட்டே வாங்க, டங்குனு கேக்கற இடம் ஓகே, மொத்துனு கேட்டா உள்ள ஊறி மக்கியிருக்கு. பாய்மரத்தைத் தாங்குற பக்கவாட்டுக் கம்பிகள் வந்து மாட்டுற உள்தடுப்புப் பலகையோட அடிப்பகுதியைக் குத்திப் பாருங்க. காக்பிட் லாக்கர் (உக்காந்து ஓட்டுற இடத்துல இருக்கற சாமான் பெட்டி) மூடி பூட்டுற மாதிரி இருக்கானும் பாருங்க, படகு சாஞ்சப்போ மூடி தொறந்து தண்ணி உள்ள போய் முழுகின கதை இந்த மாடல்ல உண்டு.

கேட்டலினால அடிபாகம் முழுசும் கெட்டி ஃபைபர், அந்தக் கவலை கம்மி, டெக்கை மட்டும் தட்டிப் பாத்தா போதும். பாக்க வேண்டியது கீல் தொங்குற பின், அதைத் தாங்குற பிடி, தூக்குற கேபிள், அதைச் சுத்தி இழுக்கற வின்ச். 250 கிலோ இரும்பு அந்த ஒரு பின்லதான் தொங்குது. ட்ரெய்லர்ல இருக்கறப்போ கீலைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, நிறைய ஆடினா பின் தேஞ்சிருக்கு. கேபிள் எப்போ மாத்தினாங்கன்னு விக்கிறவரைக் கேளுங்க, பதில் வரலன்னா நீங்க மாத்திட்டே தண்ணில இறக்குங்க. பாய் ஏத்தினா கீல் முழுசா கீழ இருக்கணும், லாக் போல்ட் இறுகியிருக்கணும், பசங்க கூட வர்றதால இதுல விட்டுக்குடுக்கவே கூடாது.

கீல் சரியா இருந்தா கேட்டலினாவை எடுங்க. உங்க கிளப்ல ஏற்கனவே ஏழெட்டு ஜே 24 ஒண்ணா ஓடுது, நிரந்தரமா மூணு பேர் வர்றேன்னு உறுதியா நிக்கிறாங்கன்னா மட்டும் என் பதிலை மாத்திக்கறேன்.

கேள்வி: பழைய படகோட வந்த பழைய பாயை வச்சே ரேஸ் ஓட்டலாமா?

பதில்: முதல் சீசன் தாராளமா ஓட்டுங்க. அதுக்கு முன்னாடி படகோட அடியை சுத்தமா தேய்ச்சு வழவழப்பா ஆக்குங்க, காசு செலவில்லாம வேகம் வர்றது அங்கதான். டாக்ரான்ங்கற பாலியெஸ்டர் துணிப் பாய் பழசானா இழுபட்டு அதோட குழிவு பின்னாடி தள்ளிப் போயிடும், படகு ரொம்ப சாயும், காத்துக்கு எதிரா ஏறாது. அப்படி ஆயிடுச்சுன்னா முன்பாயை முதல்ல புதுசா வாங்குங்க, மெயின் பாயை (பாய்மரத்துக்குப் பின்னாடி இருக்கற பெரிய பாயை) அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.