ஏடிமெகா328பி-யில் ஏடிசி எந்தக் கணத்தில் அளவை எடுக்கிறது? சீரான இடைவெளியில் அளப்பது எப்படி?

16 மெகாஹெர்ட்சில் இயங்கும் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு ஒரு சிக்னலை வினாடிக்கு 8,000 முறை அளக்க வேண்டும் என்றும், நிரலின் லூப்புக்குள் ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) தொடங்கினால் அலைவடிவம் சிதைந்து வருகிறது என்றும், ஏடிசியின் வேகம் போதவில்லையோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேகம் போதும், அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

10 பிட் துல்லியம் முழுமையாகக் கிடைக்க ஏடிசியின் கடிகாரம் 50 முதல் 200 கிலோஹெர்ட்சுக்குள் இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். கடிகாரத்தை வகுத்துக் குறைக்கும் பிரீஸ்கேலரை 128 என்று வைத்தால் 125 கிலோஹெர்ட்ஸ் வரும், அதாவது ஒரு சுழற்சிக்கு 8 மைக்ரோவினாடி. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் வழக்கமான ஒரு மாற்றத்துக்கு 13 சுழற்சிகள், ஆக 104 மைக்ரோவினாடி. ஏடிசியை இயக்கியதும் வரும் முதல் மாற்றத்துக்கு மட்டும் 25 சுழற்சிகள். உங்களுக்கு இருக்கும் இடைவெளியோ 125 மைக்ரோவினாடி.

அந்த 104 மைக்ரோவினாடியும் ஏடிசி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மாற்றம் தொடங்கி ஒன்றரைச் சுழற்சியில், அதாவது 12 மைக்ரோவினாடியில், உள்ளே இருக்கும் சிறிய மின்தேக்கி உள்ளீட்டிலிருந்து துண்டிக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் அதில் தங்கிய மின்னழுத்தமே உங்கள் அளவு. மீதி நேரம் முழுவதும் அதைப் பாதி பாதியாக ஒப்பிட்டு ஒவ்வொரு பிட்டாகக் கண்டுபிடிப்பதிலேயே கழிகிறது. ஆகவே மாற்றம் எப்போது முடிகிறது என்பதைவிட எப்போது தொடங்குகிறது என்பதே முக்கியம்.

நிரலிலிருந்து தொடக்க பிட்டை எழுதும்போது அந்தத் தொடக்கம்தான் நிலையாக இருப்பதில்லை. எழுதிய உடனே மாற்றம் தொடங்காது. ஏடிசி கடிகாரத்தின் அடுத்த ஏறுமுனைக்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு, நீங்கள் எழுதிய கணத்தைப் பொறுத்து, கிட்டத்தட்ட 0-விலிருந்து 8 மைக்ரோவினாடி வரை மாறலாம். இது சிறிய பிழைபோலத் தோன்றும். ஆனால் முழு 1,024 படிகளையும் தொடும் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, நடுக்கோட்டைக் கடக்கும்போது மைக்ரோவினாடிக்கு 3.2 படிகள் வீதம் நகர்கிறது. எனவே 8 மைக்ரோவினாடித் தடுமாற்றம் சுமார் 25 படிகள் பிழையாக வந்து நிற்கும். லூப்பில் இருக்கும் மற்ற வேலைகளும் இன்டரப்ட்களும் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்கள்) உண்டாக்கும் தாமதத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஆதலால் தொடக்கத்தை டைமரிடம் ஒப்படைத்துவிடுங்கள். டைமர்1-ஐ சிடிசி முறையில் (குறித்த எண்ணை எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் முறை), பிரீஸ்கேலர் 1-இல் வைத்து, அந்த எண்ணைக் குறிக்கும் ஓசிஆர்1ஏ பதிவேட்டில் 1999 என்று எழுதினால் சரியாக 8 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். ஓசிஆர்1பி-யில் அதைத் தாண்டாத ஒரு மதிப்பை வைத்து, டைமர் அந்த மதிப்பை எட்டும் நிகழ்வான ஒப்பீடு பி-யை ஏடிசியின் தானியங்கித் தூண்டலாகத் தேர்ந்தெடுங்கள். இந்த முறையில் தூண்டல் வந்ததும் பிரீஸ்கேலரே பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குவதால், தூண்டலிலிருந்து அளவெடுக்கும் கணம் வரையிலான தாமதம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைப் பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. மாற்றத்துக்கு 13.5 சுழற்சிகள், 108 மைக்ரோவினாடி ஆகும்; அப்போதும் சுமார் 17 மைக்ரோவினாடி மிச்சம் இருக்கிறது.

நான் முதன்முறை இப்படி அமைத்தபோது ஒரே ஓர் அளவுதான் வந்தது. ஏடிசி இன்டரப்டுக்குள் ஒரு பின்னை மாற்றச் செய்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன்; அது ஒருமுறை உயர்ந்து அப்படியே நின்றது. காரணம், டைமரின் ஒப்பீட்டுக் கொடி ஓசிஎஃப்1பி (ஒப்பீடு பி நடந்ததைக் காட்டும் பிட்) தானாக அழியவில்லை. கொடி ஏறும் முனையே தூண்டல் என்பதால், ஏறிய கொடி இறங்காமல் அடுத்த தூண்டல் பிறக்காது. அந்த ஒப்பீட்டுக்கென்று இன்டரப்ட் இருந்தால் வன்பொருளே அதை அழித்துவிடும். இல்லையென்றால் ஏடிசி இன்டரப்டுக்குள் அந்தக் கொடியில் 1 எழுதி நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

இரண்டு சேனல்களை மாறிமாறி அளப்பதாக இருந்தால், இன்டரப்டுக்குள் விடையைப் படித்து, சேனலை மாற்றி, அதன் பிறகே கொடியை அழியுங்கள். அப்போதுதான் புதிய சேனல் அடுத்த தூண்டலுக்கு முன்பே உறுதியாகிவிடும். சிக்னல் தரும் மூலத்தின் மின்தடை 10 கிலோஓமுக்கு மேல் போனால் மின்தேக்கி நிரம்பத் தாமதமாகி முந்தைய சேனலின் மின்னழுத்தம் இதில் கலந்து தெரியக்கூடும். அங்கே மின்தேக்கியை விரைந்து நிரப்பும் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வையுங்கள்.