பிதுருதலாகலைக்குக் கீழே

வணக்கம் அண்ணன்,

போன கட்டுரையில் இலங்கையின் முதல் தொலைக்காட்சி ரூபவாஹினி என்று எழுதியிருந்தீர்கள். ஐ.டி.என். (இண்டிபெண்டன்ட் டெலிவிஷன் நெட்வொர்க்) தான் முதல் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். இன்னொன்று, ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவிலேயே இருந்தும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்ததாம். ஏன்?

ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சி,

அப்பா சொன்னதுதான் சரி, பிழை என்னுடையது. ஐ.டி.என். 1979 ஏப்ரல் 13இல் தனியார் நிலையமாகத் தொடங்கியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 5இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு அது கொழும்பையும் அக்கம்பக்கத்தையும் தாண்டவில்லை, மலைநாட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் 1982 பெப்ரவரி 15இல் ஜப்பான் உதவியோடு வந்த ரூபவாஹினியைத்தான், அதுவே முதல் என்று மனதில் பதிந்துவிட்டது.

கோபுரம் நிற்பது பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டர், நாட்டிலேயே உயர்ந்த மலை. ஆனால் டீவி அலை கிட்டத்தட்ட டார்ச் வெளிச்சம் மாதிரி, நடுவில் ஒரு மலை நின்றால் அதற்குப் பின்னால் நிழல்தான். பொகவந்தலாவையைச் சுற்றி எத்தனை மலை என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு ஏன், கந்தப்பளைப் பக்கம் கோபுரத்துக்குக் கிட்டவே இருந்த எங்கள் லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அதே கதை, பள்ளத்தில் கட்டிய லயம்.

அப்போது லயத்தில் கரண்டும் இல்லை. கணக்கப்பிள்ளை வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டீவி, லொறி பேட்டரியில் ஓடும். அதை சார்ஜ் போட சாக்கில் சுற்றித் தோளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோவோம், என்னுடைய ஒரே நல்ல சட்டையில் அசிட் பட்டு ஓட்டை விழுந்தது அப்படித்தான். தமிழ்ப் படம் போடுகிற நாளில் வாசல்வரை சனம். சார்ஜ் இறங்க இறங்க படம் நாலு பக்கமும் சுருங்கி, கடைசியில் தீப்பெட்டி அளவில் கதாநாயகன் அழுதுகொண்டிருப்பார்.

ஏரியலுக்கு என்ன செய்தோம் தெரியுமா, மூங்கிலில் கட்டி மேட்டில் கொழுந்து பறிக்கிற மலையில் நட்டு, அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு மேலாகவே வயர் இழுத்தோம். ஒருவன் மேலே நின்று திருப்புவான், நடுவில் இன்னொருவன் நின்று "தெரியுது, தெரியுது... அய்யோ போச்சு!" என்று கத்துவான். அது நன்றாகத்தான் இருந்தது, தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கிற கவ்வாத்து மாதம் வரும்வரை. வயரை எவன் கத்தி அறுத்தது என்று இன்றுவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.